ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான்?

கிண்டியில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு இணைத்திருந்த கணினி ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. படங்கள் பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. அவற்றை எடுத்த மென்பொருள்தான் கணினியோடு போய்விட்டது. வேறொரு மென்பொருளில் திறந்தோம். செல்கள் பளிச்சென்று வந்தன. சரி, பிழைத்தோம் என்று ஒரு செல்லை அளந்தால், அகலம் 3 சென்டிமீட்டர் என்றது. முழு நெல்லிக்காய்!

எந்த லென்ஸ், எவ்வளவு நேரம் ஒளி பட்டது, ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதெல்லாம் மெட்டாடேட்டா. படத்தோடு சேர்த்து இதையும் கருவி அதே கோப்பில் எழுதிவிடும். எந்த இடத்தில், எந்தப் பெயரில் என்பதில்தான் சிக்கல்.

எங்கள் கோப்புகள் டிஃப் (TIFF) என்ற பட வடிவம். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் உண்டு, டேக் என்பார்கள். 256 என்றால் அகலம், 257 என்றால் உயரம். இது எல்லா மென்பொருளுக்கும் தெரியும். 32768-இலிருந்து மேலே உள்ள எண்கள் தனியாருக்கு. கம்பெனிகள் அங்கே வேண்டியதைத் தங்கள் பாணியில் எழுதிக்கொள்ளலாம். தெரியாத டேக் வந்தால் மென்பொருள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் படம் திறந்தது, அளவு கிடைக்கவில்லை. அப்படியானால் நெல்லிக்காய் எங்கிருந்து வந்தது? அச்சிடுவதற்கான 282-ஆம் டேக்கில், அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று சும்மா நிரப்பியிருந்தது. மென்பொருள் அதை நம்பிவிட்டது. இதற்கு எண்ணே இல்லாதிருந்தால் தேவலை.

கம்பெனிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. புதிதாக ஒரு டிடெக்டரை (ஒளியை உணரும் பகுதி) மாட்டினால், அதன் அமைப்புகளை எழுதப் பொதுத்தரத்தில் இடமே இருக்காது. தரக்குழு கூடிப் பேசி முடிக்கும்வரை கருவி காத்திருக்குமா? மருத்துவப் படங்களுக்கான டைகாம் என்ற தரம் இதை அழகாகச் சமாளிக்கிறது. அதில் ஒவ்வொரு தகவலும் எண்ணிட்ட ஒரு குழுவில் இருக்கும்: குழு எண் இரட்டைப்படை என்றால் பொது, ஒற்றைப்படை என்றால் கம்பெனியின் சொந்தம். பிக்சல் இடைவெளி 0028 என்ற இரட்டைக் குழுவில் இருக்கிறது. அதனால் அடையாறில் எடுத்த சிடி ஸ்கேனைத் தாம்பரத்தில் வேறு கம்பெனியின் மென்பொருளில் அளந்தாலும் கட்டி அதே மில்லிமீட்டர்தான்.

நுண்ணோக்கிக்கு ஓஎம்இ-டிஃப் என்ற பொது வடிவம் உண்டு. 270-ஆம் டேக் படக்குறிப்புக்கான இடம். லென்ஸ், பிக்சல் அளவு எல்லாவற்றையும் ஊரறிந்த பெயர்களில், எக்ஸ்எம்எல் என்ற பெயரிட்ட எழுத்து வடிவில் அங்கே எழுதிவிடுவார்கள். பயோ-ஃபார்மேட்ஸ் என்ற இலவச மென்பொருள் 150-க்கும் மேற்பட்ட வடிவங்களைப் படித்து இதற்கு மாற்றித் தரும். பொதுப்பெயர் இல்லாத தகவல்கள் மாற்றும்போது நழுவலாம். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

எங்கள் செல்லுக்கு வருவோம். ஒரு மாணவி தன் நோட்டில் பென்சிலால் ‘40எக்ஸ்’ என்று, அதாவது 40 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் என்று, குறித்திருந்தாள். கேமராவின் ஒரு பிக்சல் 6.45 மைக்ரான் என்று கையேட்டில் இருந்தது. 40-ஆல் வகுத்தால் 0.161. 84 பிக்சல் செல்லுக்கு 13.5 மைக்ரான். அப்புறம் அதே கோப்பைப் பயோ-ஃபார்மேட்ஸில் திறந்தோம். தனியார் டேக்கிலிருந்து அது எடுத்துக் கொடுத்த எண்ணும் 0.161.