எல் நினோ என்றால் நமக்கும் வறட்சியா?

“எல் நினோ வந்துடுச்சாமே சார், சம்பா போடலாமா வேண்டாமா?” வேளாண் வானிலை ஆலோசனை சொல்வது என் வேலை. 2023 ஆவணியில் டெல்டாப் பக்கமிருந்து எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான்.

எல் நினோ என்றால் வறட்சி என்ற பேச்சு தென்மேற்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் நம் மழை ஐப்பசி, கார்த்திகையில். அங்கே கணக்கு வேறு.

பசிபிக் கடலின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் மேல்நீர் வழக்கத்தைவிட அரை டிகிரி செல்சியஸாவது சூடாகி, மாதக்கணக்கில் அப்படியே நின்றால் அது எல் நினோ. அரை டிகிரியைக் கை உணராது. ஆனால் அவ்வளவு பெரிய கடற்பரப்பு சூடாகும்போது மழைமேகம் திரளும் இடமே நகர்கிறது, காற்றோட்டமும் கூடவே மாறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரைக்கு ஈரம் கொண்டுவரும் கிழக்குக் காற்று அப்போது பெரும்பாலும் வலுக்கும். இந்தியப் பெருங்கடலில் மேற்கே சூடும் சுமத்ரா பக்கம் குளிர்ச்சியும் இருந்தால் அதுவும் நமக்குச் சாதகம்.

2015இல் வலுவான எல் நினோ. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. மறுவருஷம் இந்தியப் பெருங்கடலில் நிலைமை தலைகீழ்: சுமத்ரா பக்கம் சூடு, மேற்கே குளிர்ச்சி. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. சரி, இதுதான் விதி என்று நம்பினால் 2021 இடிக்கும். எல் நினோவுக்கு நேரெதிரான லா நினா ஆண்டு அது, மழையோ இயல்பைவிட மிக அதிகம்.

அதனால்தான் பருவகால முன்னறிவிப்பை அதிகம், இயல்பு, குறைவு என்று மூன்று வாய்ப்புகளாகப் பிரித்துச் சதவீதத்தில் தருகிறார்கள். கடல் ஒன்றும் சொல்லாவிட்டால் மூன்றுக்கும் ஏறக்குறைய 33. “அதிகம்” 50 ஆனாலும், அப்படி நடக்காமல் போக மீதி 50 இருக்கிறது. இதைச் செய்தியில் “கனமழை உறுதி” என்று எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. அதை நம்பி விதை வாங்குகிறவர் இருக்கிறார்.

அந்த 2023இல் மேட்டூர் நீர் அக்டோபரிலேயே நிறுத்தப்பட்டது. பருவமழையின் மொத்தக் கணக்கு மாநில அளவில் இயல்பை ஒட்டியே முடிந்தது. ஆனால் டிசம்பர் 18 காலை காயல்பட்டினத்தில் ஒரே நாள் மழை 95 செ.மீ. அந்த ஒரு நாளை எந்தப் பருவகால முன்னறிவிப்பும் முன்கூட்டிக் காட்டாது. அதற்குத் தினசரி அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

கேட்டவரிடம் மேட்டு வயலில் நேரடி விதைப்பும், பள்ள வயலில் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகமும் போடச் சொன்னேன். அப்புறம், புரட்டாசிக்குள் வடிகாலைத் தூர்வாரிவிடுங்கள் என்றேன்.