சோப்புக் கலவைக்கு எத்தனை டிகிரி?

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுகூட விழாது. சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். வீட்டில் அடுப்பேற்றாமல் சோப்பு செய்கிறவர்கள் சூட்டுக் கணக்கை இந்த பாட்டிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது தானாகவே சூடு கிளம்பும். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு வேண்டிய 87 கிராம் சோடாவை 200 கிராம் தண்ணீரில் கரைத்தால், சில நிமிடங்களில் 80 டிகிரியைத் தாண்டிவிடும். அதனால் தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

எண்ணெயும் கரைசலும் துல்லியமாக ஒரே டிகிரியில் இருக்க வேண்டும் என்று பலர் மெனக்கெடுகிறார்கள். அவ்வளவு பாடு தேவையில்லை. இரண்டும் சேர்ந்த பிறகும் கொழுப்பு உருகிய நிலையிலேயே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை நான் கோகோ பட்டரில் கற்றுக்கொண்டேன். அது உருக 34 முதல் 38 டிகிரி வரை வேண்டும். நன்றாக ஆறிப்போன கரைசலை ஊற்றி பிளெண்டரை ஓட்டினேன். ஒரே நிமிடத்தில் இட்லி மாவு போல கெட்டியானது. சரி, 'ட்ரேஸ்', அதாவது எண்ணெயும் கரைசலும் பிரியாமல் கலந்து கெட்டியாகும் பதம், வந்துவிட்டது என்று அச்சில் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் அடியில் காரத் தண்ணீர், மேலே எண்ணெய். எண்ணெய் சோப்பாக மாறியதால் அந்தக் கெட்டி வரவில்லை. கோகோ பட்டர் உறைந்ததால் வந்தது. சந்தேகம் வந்தால் கலவையை 45 டிகிரிக்கு மெல்லச் சூடாக்கிப் பாருங்கள். இளகிவிட்டால் அது பொய் ட்ரேஸ், மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அச்சில் ஊற்றிய பிறகும் சூட்டின் வேலை முடியவில்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகும் வினையே வெப்பத்தை வெளியிடும். உண்டான சோப்பு, மிச்சமிருக்கும் எண்ணெயையும் தண்ணீரையும் இன்னும் நெருக்கமாகக் கலக்கும், வினை வேகமெடுக்கும். நடுப்பகுதி 70 டிகிரியை ஒட்டி ஏறும்போது வாசலின் போல கண்ணாடித்தன்மை வரும். இதைத்தான் 'ஜெல்' என்கிறார்கள். ஓரம் ஆறிப்போய் நடு மட்டும் ஜெல்லானால், வெட்டிய கட்டியில் கருத்த வட்டம் தெரியும். அழுக்கு போவதில் குறையில்லை, பார்வைக்குத்தான் குறை. அச்சைத் துண்டால் போர்த்துங்கள், அல்லது ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டுங்கெட்டானாக விட்டால்தான் அந்த வட்டம்.

பால், தேன் சேர்த்தால் போர்த்தவே வேண்டாம். சர்க்கரை சூட்டைக் கூட்டிவிடும், கலவை பொங்கி வழியும். பாலை முன்பே உறைய வைத்து, அந்தக் கட்டிகளின் மேல் சோடாவைத் தூவிக் கரைத்தால் பால் கருகாது.

தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் மட்டும் என்றால் நான் 40 டிகிரியில் கலக்கிறேன். கோகோ பட்டர் சேர்ந்தால் 45. முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால் சூடும் சீக்கிரம் ஏறும், கட்டியும் சீக்கிரம் இறுகும். காலையில் ஊற்றியதை மாலைக்குள் வெட்டிவிடுங்கள். மறுநாள்வரை விட்டால் கத்தி பட்டதும் பொடிந்து உடையும்.