புது பெயின்ட், பழைய புல்லட், வராத கரண்ட்

பழைய புல்லட்டை ஆசை ஆசையாகப் புதுப்பித்து, டேங்கில் தங்கக் கோடு போட்டு, குரோமியம் பூசிக் கொண்டு வருவார்கள். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலிதான் மிச்சம். "காயில் புதுசு, பாயின்ட் புதுசு, பிளக்கும் மாத்தியாச்சு, ஆனாலும் கரண்ட் வரலண்ணே" என்பார்கள். கரண்ட் என்று அவர்கள் சொல்வது பிளக்கில் வரவேண்டிய ஸ்பார்க்கை, அதாவது தீப்பொறியை. சென்னையில் பழைய வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் எனக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிய புகார். இப்படி வரும் வண்டியில் காயில் பக்கம் நான் உடனே போவதில்லை. முதலில் எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியைப் பார்ப்பேன்.

பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் உண்டாக்கும் சுருள்), பாயின்ட் (இன்ஜின் சுற்றும்போது திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) வழியாக இன்ஜினுக்கு வந்து, சேஸிஸ் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் அடித்தால் போல்ட் உட்காரும் இடமெல்லாம் பிளாஸ்டிக் தோல் போர்த்திய மாதிரி ஆகிவிடும். இரும்பும் இரும்பும் தொடுவதே இல்லை. வண்டி பளபளப்பாக இருக்கும், திரும்பும் வழிதான் அடைபட்டிருக்கும்.

சோதிப்பது சுலபம். சாவியைப் போட்டு, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் எர்த் டெர்மினலில், இன்னொரு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டும். அரை வோல்ட் காட்டினாலே எர்த் சரியில்லை. போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டி, இன்ஜின் போல்ட்டிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடிமனான ஒயர் ஒன்று இழுத்து, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். பெசன்ட் நகர், திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு வாசலின் கட்டாயம். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்க தோஷத்தில் பேட்டரியை மாற்றி மாட்டினால், ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் சாமான்) உள்ள வண்டியில் அது அப்போதே காலி.

எர்த் சரி என்றால் அடுத்தது ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டர். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் புல்லட்டில் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த டெஸ்டர் அதுதான். சாவியைப் போட்டு, லைட்டை அணைத்து, டீகம்ப்ரஷன் லிவரை (இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் லிவர்) பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் 3, 4 ஆம்பியர் அளவுக்குச் சாயும். திறக்கும்போது நடுவுக்கு வரும்.

முள் அசையவே இல்லையா? ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், அறுந்த ஒயர், அழுக்கேறிய பாயின்ட் என்று அந்த வரிசையில் தேடுங்கள். சாய்ந்த முள் திரும்பவே இல்லையென்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது ஒயர் எங்கோ பாடியில் படுகிறது, அல்லது கண்டென்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் சின்ன சாமான்) ஷார்ட். இங்கே ஒரு சின்னச் சாமானைக் கவனியுங்கள். பாயின்ட்டில் ஒயர் மாட்டும் ஸ்க்ரூவில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஃபைபர் வாஷர் இருக்கும். புதுப் பாயின்ட் போடும்போது அதை விட்டுவிட்டாலோ, முன்பின் மாற்றி மாட்டினாலோ, கரண்ட் நேராக எர்த்துக்குப் போய்விடும். பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பாயின்ட் முழுசாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பாருங்கள். பிளேடை வைத்து அளப்பது வேண்டாம்.

முள் ஒழுங்காக ஆடியும் ஸ்பார்க் வரவில்லையென்றால்தான் காயில், பிளக் ஒயர், பிளக் மூடி பக்கம் போகவேண்டும். பிளக்கை ஹெட்டில் தொடவைத்துப் பார்க்கும்போது, பிளக் ஓட்டையைவிட்டுத் தள்ளி வையுங்கள். அதன் வழியாகப் பெட்ரோல் ஆவி வரும். இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது காயிலின் இன்சுலேஷனுக்குக் கேடு. இன்ஜின் ஓடாதபோது சாவியைப் போட்டே வைத்திருந்தாலும், பாயின்ட் மூடியிருந்தால் காயில் வெந்துவிடும்.

காலையில் நன்றாக ஓடி, மே மாத வெயிலில் சிக்னலில் ஆஃப் ஆகி, ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் தனி ரகம். சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் கண்டென்சர் அல்லது காயில். இருமி இருமி நின்றால் பெட்ரோல் கோளாறு. அப்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், காற்று ஓட்டை அடைத்திருக்கும். கண்டென்சர் போனால் பாயின்ட் கருகி, ஸ்பார்க் மஞ்சளாகி மெலியும். பழைய கண்டென்சரைக் கழற்றிவிட்டு, நல்லதாகத் தெரிந்த ஒன்றை வெளியே ஒயர் போட்டு இணைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 1955-இல் இங்கிலாந்து கம்பெனியோடு சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் தொடங்கிய கம்பெனியின் வண்டி இது, நம்ம ஊர் வண்டி. சென்னையில் ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் சாமானுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதிது என்பதாலேயே ஒரு கண்டென்சரை நம்பிவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தூக்கியும் போடாதீர்கள்.

ஹேண்டிலைத் திருப்பினால் இன்ஜின் நிற்கிறதா? ஸ்டீயரிங் கழுத்தில் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

கடைசியாக, என்னைக் கோபப்படுத்தும் விஷயம். ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட் ஜிகினாத் தாளைச் சுற்றி வைத்திருப்பார்கள். ஃபியூஸ் போனதற்குக் காரணமான ஷார்ட் அப்படியேதான் இருக்கும், இப்போது அதைத் தடுக்க ஆளில்லை. அந்த ஒயர்கள் ஓடுவது பெட்ரோல் டேங்குக்குக் கீழே. அதே அளவு ஃபியூஸைப் போட்டு, அதுவும் போனால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.