மருந்துக் கொம்பு: சொல் விளக்கம்

தோட்டா வருவதற்கு முந்திய துப்பாக்கிகளில், ஒவ்வொரு முறை சுடுவதற்கும் குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அந்த மருந்தை நனையாமலும் சிந்தாமலும் தோளில் மாட்டிக்கொண்டு போக, மாட்டுக் கொம்பில் செய்த கலத்துக்கு ஆங்கிலத்தில் ‘பவுடர் ஹார்ன்’ என்று பெயர். தமிழில் இதை ‘மருந்துக் கொம்பு’ என்று எழுதுவதே சரி என்பது என் துணிபு. முதல் தடவை ‘வெடிமருந்துக் கொம்பு’ என்று முழுதாக எழுதிவிட்டால், அடுத்து வரும் ‘மருந்து’ வைத்தியரிடம் வாங்குவது அல்ல என்பது வாசகருக்குத் தெளிவாகிவிடும்.

ஆங்கில ஒலியை அப்படியே எழுதினால் என்ன என்று கேட்கலாம். தமிழில் பவுடர் என்றால் முகத்துக்குப் பூசுவது. ஹார்ன் என்றால் வண்டியில் அடிப்பது. இரண்டும் வேறு பொருளில் ஊன்றிவிட்ட சொற்கள். ‘பொடிக் கொம்பு’ என்று மாற்றினால் மூக்குப்பொடி வந்து நிற்கும். ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தாலும் அது நமக்கு உதவாது. ‘பவுடர்’ லத்தீனின் ‘புல்விஸ்’ என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, பொருள், தூசி. அந்த மக்கள் கண்ணில் பட்டது பொருளின் வடிவம். தமிழர் அதற்குப் பெயர் வைத்தது வேறு வழியில்.

நம் ஊரில் வெடிக்கும் பொருளுக்கு என்றைக்கும் ‘மருந்து’தான். சிவகாசிப் பக்கம் ‘மருந்து கலக்கும் அறை’ என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். நாட்டுத் துப்பாக்கியோடு ‘கருமருந்து’ பிடிபட்டது என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். மலையாளத்தில் வெடிமருந்நு, கன்னடத்தில் மத்து, தெலுங்கில் மந்து. இலங்கையில் சிங்களவர் சொல்லும் ‘வெடி பெஹெத்’ என்பதிலும் ‘பெஹெத்’ மருந்துதான். சீன மொழியில் இதற்கு ‘ஹுவோ யாவ்’, அதாவது நெருப்பு மருந்து. டச்சு மொழியின் ‘க்ரௌட்’ கூட மூலிகை என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்ததே.

இத்தனை மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதற்குக் காரணம் கலவையிலேயே இருக்கிறது. கருமருந்தில் பொதுவாக நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பும் கந்தகமும் வைத்தியர்களின் சரக்குகள். சித்த மருத்துவத்திலும் இரண்டுக்கும் இடம் உண்டு. சீனாவில் சாகாமருந்து தேடிய இரசவாதிகளின் கையில்தான் இந்தக் கலவை முதலில் தீப்பிடித்தது. ஆகவே ‘மருந்து’ என்பது போகிற போக்கில் ஒட்டிக்கொண்ட பெயர் இல்லை. அதை விட்டுவிட்டு ‘தூள்’ என்று புதிதாக ஒன்றைக் கட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அடுத்தது கொம்பு. பழந்தமிழில் கோடு, மருப்பு என்ற சொற்களும் உண்டு. “கொல்லேற்றுக் கோடஞ்சுவானை” என்று ஏறுதழுவலைப் பாடும் கலித்தொகையில் கோடு என்பது காளையின் கொம்பு. இன்று கோடு என்றால் தாளில் இழுப்பது. மருப்பு பேச்சில் இல்லை. கொம்பு மட்டும் ‘உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு’ என்பது முதல் எழுத்தின் இரட்டைக் கொம்பு வரை உயிரோடு இருக்கிறது. ஆனால் தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. ஆங்கிலம் இரண்டையும் வேறு சொற்களால் பிரிக்கிறது, பொருளும் வேறுதான். மான்கொம்பு முழு எலும்பு, ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது. மாட்டுக் கொம்பு உதிராது. வெளியே கெரட்டின் (நகமும் முடியும் ஆன அதே பொருள்) உறை, உள்ளே எலும்பு. மருந்துக் கொம்புக்கு வேண்டியது அந்த உறை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கையில் மான்கொம்பு பக்கமே போகக் கூடாது என்பதால், மொழிபெயர்ப்பவர் ஓரிடத்திலாவது ‘மாட்டுக் கொம்பு’ என்று தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

உறுப்புகளின் பெயர்கள் செய்முறையோடு சேர்ந்தே புரியும். கொம்பைக் கொதிநீரில் வேகவைத்தால் உள்ளெலும்பு தளர்ந்து கழன்றுவிடும். மிஞ்சும் உறை அடிப்பக்கம் பொள்ளல், நுனிப்பக்கம் சில அங்குலம் கெட்டி. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த நுனியில்தான். கொம்பு வளைந்தது, டிரில் நேராகப் போவது; கவனிக்காமல் துளைத்தால் பக்கவாட்டில் பொத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் முதலில் ஒரு கம்பியை உள்ளே விட்டு, பொள்ளல் எங்கே முடிகிறது என்று அளந்து, அதே கம்பியை வெளிப்பக்கம் வளைவோடு வைத்துப் பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகு நுனியை ஆக்ஸா பிளேடால் அறுத்து, குறி வைத்த இடத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைக்க வேண்டும். வேகமாக ஓட்டினால் சூடேறி முடி கருகுகிற நாற்றம் வரும். அரம் போடும்போது பறக்கும் தூள் நெஞ்சுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

அகன்ற வாயை அடைக்கும் மரத்துண்டை ‘அடிக்கட்டை’ எனலாம். கொம்பின் வாய் இயல்பில் சரியான வட்டமாக இருக்காது. அதைக் கொதிநீரில் முக்கி இளக்கி, கூம்பாகச் செதுக்கிய கட்டையை உள்ளே இறுக்கி ஆறவிட்டால் வட்டமாக நின்றுவிடும். அப்புறம் அடிக்கட்டையைப் பொருத்தி, சுற்றிலும் சிறு மர ஆணிகள் அடித்து, இடுக்குகளில் தேன்மெழுகை உருக்கி ஊற்றுவார்கள். நுனித் துளைக்கு ‘தக்கை’. இன்று பலர் அதற்கு வயலின் முறுக்காணியையே மாட்டிவிடுகிறார்கள், நம் இசைக்காரர்கள் பிரடை என்று சொல்வது. கொம்பின் வெளிப்புறத்தைக் கத்தி முனையாலோ கண்ணாடிச் சில்லாலோ சுரண்டி உப்புத்தாள் போடப் போட, வெளிர்நிறக் கொம்பு ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மருந்து எதுவரை இருக்கிறது என்று தெரியும். கொம்பு இரும்பைப் போல் தீப்பொறி தராது, நீரை உறிஞ்சாது, கனமும் இல்லை.

கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவது ஆபத்து. முந்தைய வெடியின் கங்கு உள்ளே இருந்தால் கொம்பு முழுதும் கையிலேயே வெடிக்கும். எனவே ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் அளந்து ஊற்ற ‘அளவுக் குழல்’ ஒன்று கூடவே தொங்கும். தீக்கல் துப்பாக்கியைப் பற்றவைக்கும் நுண்ணிய மருந்துக்குத் தனியாக ஒரு சின்னக் கொம்பு உண்டு; அதைப் ‘பற்றுமருந்துக் கொம்பு’ என்று சொல்லிப் பார்க்கிறேன், பொருந்துகிறது.

இந்தக் கலை செழித்தது 18ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவில். 1754 முதல் 1763 வரை பிரிட்டனும் பிரான்சும் அங்கே மோதிய போரிலும், 1775இல் தொடங்கிய விடுதலைப் போரிலும், ஊர்ப்படையினரும் வேட்டைக்காரர்களும் கொம்பில் ஊசியாலும் கத்தியாலும் கீறி மை தேய்த்து எழுதினார்கள். ஹட்சன், மோஹாக் ஆறுகளின் வரைபடங்கள், கோட்டைகள், கப்பல்கள், பிறகு சொந்தக்காரர் பெயர். அந்தப் பெயரை அடுத்துப் பெரும்பாலும் ‘அவரது கொம்பு’ என்றுதான் இருக்கும், ‘பவுடர்’ இருக்காது. வைத்திருந்தவர்களுக்கே வெறும் கொம்பு போதுமானதாக இருந்தது. தமிழிலும் இடம் தெளிந்தபின் ‘கொம்பு’ என்று மட்டும் எழுதலாம்.

ஒன்றை மட்டும் இதோடு கலக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் செம்பிலும் பித்தளையிலும் பரவலாக வந்த தட்டையான கலம் ‘மருந்துக் குடுவை’. முகலாயர் காலத்துப் ‘பாரூத்தான்’ தந்தத்திலும் சிப்பியிலும்கூடச் செய்யப்பட்டது. ‘பாரூத்’ என்பது வெடிமருந்து, ‘தான்’ என்பது கலம். அதற்கும் மருந்துக் குடுவை என்பதே பொருந்தும்.