மூஸைச் சாய்ப்பது தோட்டாவா, குண்டா?

அமெரிக்காவின் மான்டானாவில் வேலை பார்க்கும் தம்பியிடம் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பக்கத்து வீட்டுக்காரர் பழைய வேட்டைக்காரர். மான் போன்ற 50 கிலோ ப்ராங்ஹார்னுக்கும், 500 கிலோ ராட்சத மானான மூஸுக்கும் ‘தர்ட்டி-ஆட்-சிக்ஸ்’ என்ற ஒரே வகைத் தோட்டா போதும் என்று அடித்துச் சொல்கிறார். பெரிய விலங்கைச் சாய்க்கப் பெரிய தோட்டா வேண்டாமா?”

“சாய்க்க” என்ற சொல்லில்தான் கோளாறு. தோட்டா என்பது உறை, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது; அதிலிருந்து பறந்துபோய்த் தைப்பது குண்டு மட்டுமே. இந்தத் தோட்டாவின் 11.7 கிராம் குண்டு, குழலை விட்டு நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். அதை அப்படியே 500 கிலோ மூஸின் மேல் ஏற்றினாலும் அது நகரும் வேகம் நொடிக்கு 2 சென்டிமீட்டர்கூட வராது. எறும்பு ஊரும் வேகம்! போதாததற்கு, சுட்டவர் தோளில் விழும் உதையின் உந்தம் இதைவிட அதிகம், ஏனென்றால் வெடிமருந்தின் புகையும் அதில் சேர்கிறது. குண்டு மூஸைத் தள்ளிவிடும் என்றால் முதலில் மல்லாந்திருக்க வேண்டியவர் சுட்டவர்தான். சினிமாவில் குண்டு பட்டவர் பத்தடி பறப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை நம்புவது கடினம். படித்தவர்களும் விடாமல் காப்பாற்றிவரும் மூடநம்பிக்கை இது.

பெயரை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ‘தர்ட்டி’ என்பது அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு விட்டம். ‘ஆட்-சிக்ஸ்’ என்பது 1906, அமெரிக்க ராணுவம் இதை ஏற்ற ஆண்டு. பித்தளை உறை ஒன்றுதான். அதன் வாயில் 7 கிராம் முதல் 14 கிராம் வரை வெவ்வேறு குண்டுகளைப் பொருத்தலாம். வேட்டைக்காரர்கள் அந்த எடையைக் கிரெயினில் சொல்வார்கள். அது பார்லி மணியின் எடை, நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியைப் போல.

விலங்கு விழுவது இதயமும் நுரையீரலும் கிழிந்து ரத்த அழுத்தம் சரிவதால். அதற்குக் குண்டு உள்ளே போய் விரிய வேண்டும். விரிய வைப்பது எது தெரியுமா? தண்ணீர். சதையில் பெரும்பகுதி தண்ணீர்தானே! நொடிக்கு 750 மீட்டர் வேகத்தில் குண்டு அதில் புகும்போது அதன் மூக்கில் ஏறும் அழுத்தம் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 2,800 மடங்கு. இதற்கு முன்னால் ஈயம் உலோகமே அல்ல, பிசைந்த களிமண். மூக்கு பிதுங்கிப் பின்புறமாக மடிந்து, மேலே போர்த்திய செம்புத் தகடும் இதழ் இதழாகப் பிரிந்து காளான் ஆகிறது. விட்டம் இரட்டித்தால் முகப்பின் பரப்பு நான்கு மடங்கு. ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், மிக வேகமாகப் பட்டால் காளான் சிதறி மாவாகிவிடும். ஆழம் போகாது.

1946இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரருக்கு இதுவே நடந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய ஒரு மூஸின் மேல் அவர் சுட்ட குண்டுகள் தோலருகிலேயே சிதறின. இத்தனைக்கும் அவர் கையில் இருந்தது தர்ட்டி-ஆட்-சிக்ஸைவிட வலுவான தோட்டா. அந்த வலு தந்த வேகமே வினையானது. ஊர் திரும்பியவர் செய்த குண்டை எண்ணினால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. இரண்டு டம்ளர்களை அடியோடு அடி ஒட்டியதுபோல ஒரு செம்புக் கூடு. நெடுக அறுத்துப் பார்த்தால் ஆங்கில ‘எச்’ எழுத்து. இரு பக்கமும் ஈயம், நடுவில் செம்புச் சுவர். முன்பாதி எவ்வளவு வேண்டுமானாலும் விரியட்டும், சிதறட்டும். மடிப்பு சுவர்வரை வந்து நின்றுவிடும். பின்பாதி அப்படியே கட்டியாக ஆழம் போகும். 1948இல் விற்பனைக்கு வந்தது. மெல்லிய ப்ராங்ஹார்னில் முன்பாதிக்கு வேலை, தடித்த மூஸில் பின்பாதிக்கு வேலை.

விரியும் குண்டுக்கு நம் நாட்டிலும் பழைய கணக்கு உண்டு. கொல்கத்தாவை அடுத்த டம் டம் ஆயுதச்சாலை 1890களில் இத்தகைய குண்டைச் செய்தது. 1899இல் ஹேக் மாநாடு போரில் அதைத் தடைசெய்தது. வேட்டையில் நிலைமை நேர் எதிர்: விரியாத குண்டு விலங்கை ஓட்டையோடு ஓடவிட்டு நாள்கணக்கில் துன்புறுத்தும் என்பதால் பல அமெரிக்க மாநிலங்களில் மான் வேட்டைக்கு விரியும் குண்டுதான் சட்டம்.

எனக்கு வேட்டை பிடிக்காது. ஆனாலும் ஒரு பொறாமை உண்டு. அங்கே ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியை (இப்போது 11 விழுக்காடு) 1937இல் வந்த ஒரு சட்டத்தின்படி காட்டுயிர்க் காப்புக்கும் ஆய்வுக்கும் என்று தனியே ஒதுக்குகிறார்கள். ஆண்டுதோறும் நிதிக்காகக் கையேந்தும் நம் ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு உண்டியல் இருந்தால் எப்படி இருக்கும்!

சிதறிய ஈயத்துக்கு இன்னொரு பலி, கலிபோர்னியக் காண்டோர் கழுகு. வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலைத் தின்று ஈய நஞ்சேறிச் சாகிறது. அதனால் 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. முழுச் செம்புக் குண்டு சிதறாது. ஆனால் செம்பு கடினம் என்பதால் மூக்கில் குழி வைத்தே விரிய வைக்கிறார்கள். தொலைவில் வேகம் குறைந்து பட்டால் விரியாமல் ஊசிபோல் கடந்துவிடவும் கூடும்.

ஆகவே உங்கள் தம்பி அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டாப் பெட்டியைப் பார்த்தால், பெரிய எழுத்திலுள்ள பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் குண்டின் எடையும் வகையும் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லட்டும்.