‘வேறொருவர் திருத்திவிட்டார்’: யார் அந்த வேறொருவர்?

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளுக்கு காய் வருவது இடுக்கி மலையிலிருந்து; கணக்கு நடப்பது அடிவாரத்தில். குமுளி குடோனில் ஒருவர் மூட்டை எடையைப் பதிய, போடி ஆபீஸில் இன்னொருவர் பார்ட்டியின் (சரக்கு வாங்கும், விற்கும் வியாபாரியின்) விவரத்தைத் திருத்துகிறார். அப்போது திரையில், ‘இந்தப் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார், மறுபடி எடுத்துப் பாருங்கள்’ என்று வருகிறது. குடோனுக்கு போன் போட்டால், “நான் தொடவே இல்லைண்ணே” என்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான்.

மென்பொருளுக்கு ஆள் தெரியாது. பதிவைத் திறக்கும்போது டேட்டாபேஸிலிருந்து ஒரு நகல் திரைக்கு வருகிறது. திருத்தத் தொடங்கும்போதோ சேமிக்கும்போதோ, அந்தப் பழைய நகலும் டேட்டாபேஸில் இப்போது இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கும். ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் பழியை ‘வேறொருவர்’ மேல் போட்டுவிடும்.

ஆரக்கிள் டேட்டாபேஸுக்குத் திரைகள் செய்து தரும் மென்பொருளான ஆரக்கிள் ஃபார்ம்ஸில் இந்தப் பிழையின் எண் எஃப்.ஆர்.எம்-40654. அது ஒவ்வொரு நெடுவரிசையாக (column) ஒப்பிடும். பார்ட்டி மாஸ்டரை, அதாவது எல்லா பார்ட்டிகளின் விவரப் பட்டியலை, எக்ஸெல்லிலிருந்து மொத்தமாக ஏற்றியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். கேரளப் பார்ட்டியின் ஜி.எஸ்.டி. எண் 32 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்து. காப்பி அடித்து ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டால் டேபிளில் 16 ஆகிவிடும். ஃபார்ம் அதைத் திரைக்கு எடுக்கும்போது கடைசி வெற்றிடத்தை வெட்டிவிடுகிறது. பிறகு 15-ஐயும் 16-ஐயும் ஒப்பிட்டுவிட்டு, மாறிவிட்டது என்கிறது. எத்தனை முறை மறுபடி எடுத்தாலும் இதே கதைதான். தேதி நெடுவரிசையில் மணி, நிமிடம் ஒளிந்திருந்து, திரை வெறும் தேதியை மட்டும் வைத்துக்கொண்டாலும் இப்படியே ஆகும்.

எனவே முதலில், யாருமே இல்லாத நேரத்தில் அதே பதிவைத் திருத்திப் பாருங்கள். அப்போதும் அந்த ஒரு பதிவில் மட்டும் பிழை வந்தால் கோளாறு டேட்டாவில். லென்த் ஃபங்ஷனால் நீளத்தை எண்ணி, ஆர்ட்ரிம் (கடைசி வெற்றிடத்தை வெட்டும் ஃபங்ஷன்) செய்தபின் வரும் நீளத்தோடு ஒப்பிட்டால் எந்த நெடுவரிசை என்று பிடிபடும். (எஸ்.க்யூ.எல். சர்வரில் லென் கடைசி வெற்றிடத்தை எண்ணாது, டேட்டாலென்த்தான் காட்டிக்கொடுக்கும்.) டேபிளில் நேரடியாகக் கை வைக்காமல், டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்த்த ஸ்கிரிப்டால் சரிசெய்வதே முறை.

மைக்ரோசாஃப்டின் வணிக மென்பொருளான டைனமிக்ஸ் ஏ.எக்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் ரெக்வெர்ஷன் என்ற எண் உண்டு. திருத்தும்போதெல்லாம் அது மாறும். இங்கே ‘வேறொருவர்’ பல சமயம் நாமேதான். பட்டனை அழுத்தியதும் பின்னால் ஓடும் நிரல் அதே பதிவைத் திருத்திவிடும், திரையோ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிரலின் முடிவில் ஃபார்ம் பதிவை மறுபடி படிக்க வைக்க வேண்டும்.

இன்னொரு வணிக மென்பொருளான எஸ்.ஏ.பி.யின் வழி வேறு. திருத்தத் திறந்தவுடனே பூட்டிவிடும், பூட்டியவர் பெயரையும் சொல்லிவிடும். மலையில் மழை பிடித்து லைன் போனால், ஆள் வெளியேறிய பிறகும் பூட்டு தங்கிவிடலாம். பூட்டுகளைக் காட்டும் எஸ்.எம்.12 என்ற திரையில் அது தெரியும். பார்த்ததும் நீக்கக் கூடாது. அவர் இன்னும் உள்ளே இருக்கிறாரா என்று எஸ்.எம்.04-லும், எழுதப்படாமல் நிற்கும் அப்டேட் உண்டா என்று எஸ்.எம்.13-லும் பார்த்துவிட்டுத்தான் நீக்க வேண்டும். பாதியில் நீக்கினால் இரண்டு பேர் ஒரே பதிவில் எழுதிவிடுவார்கள்.

எஸ்.ஏ.பி.யில் இதைவிட ஏமாற்றும் பிழை ஒன்று உண்டு. பில் எண் திரையில் வந்துவிடும், தேடினால் பில் இருக்காது. எண்ணைக் கொடுப்பது ஒரு கட்டம், டேபிளில் எழுதுவது பின்னால் நடக்கும் வேறொரு கட்டம், இரண்டாவது முறிந்திருக்கிறது. ‘அப்டேட் டெர்மினேட்டட்’ என்ற செய்தி பயனரின் இன்பாக்ஸுக்கு வந்திருக்கும். எஸ்.எம்.13-ல் அந்த வரியைத் திறந்தால் காரணம் இருக்கும்: ஒரே சாவி (பதிவின் அடையாள எண்) இரண்டு முறை, இடம் நிரம்பிய டேபிள்ஸ்பேஸ் (டேட்டாபேஸில் டேபிள்களுக்கு ஒதுக்கிய இடம்), இப்படி. அதைப் பார்க்காமல் அவசரப்பட்டு பில்லை மறுபடி போட்டுவிட்டு, பின்னால் யாராவது பழைய அப்டேட்டையும் ஓட்டிவிட்டால், ஒரே சரக்குக்கு இரண்டு பில் நிற்கும்.