பாலிஷ்: மெருகா, மெழுகா, சாயமா?

தோள்வார் வெளுத்து, மூலைகள் உரசிச் சாம்பல் பூத்த பழுப்புத் தோல் பை ஒன்று என்னிடம் இருக்கிறது. பாலிஷ் போட்டால் புதிதாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். செருப்புக்கு வாங்கிய டப்பாவில் பாதியை அதன்மேல் தேய்த்தேன். பளபளத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிச் சந்திப்புக்குப் பஸ்ஸில் போனேன். இறங்கும்போது வெள்ளை வேட்டியில் பழுப்புத் திட்டு. பையின் மூலைகள் பழையபடி வெளிறிக் கிடந்தன. டப்பாவைக் குறை சொல்ல முடியாது. பாலிஷ் என்ற சொல்லின் மூல வேலை நிறம் தருவது அல்ல.

லத்தீனில் ‘போலீரே’ என்றால் வழுவழுப்பாக்குதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘பாலிஷ்’ ஆனது. பணிவானவரைக் குறிக்கும் ‘பொலைட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான்: தேய்த்துத் தேய்த்து முரடு போனவர். பொருளுக்கானாலும் ஆளுக்கானாலும் மேற்பரப்பைச் சீராக்குவதுதான் அதன் மூலப்பொருள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் ‘பொலிவு’தான் பாலிஷ் ஆயிற்று என்று சொல்ல வருவார். வேண்டாம். பொலிதல் நம் சொல்; பெருகுதல், செழித்தல் என்பது அதன் பொருள். தாமிரபரணிப் பாசனத்துக் களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் ‘பொலி’ என்றே பெயர். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு ஏற்பட்டுவிடாது.

சரியான தமிழ் எது? அகராதியைப் புரட்டினால் ‘மெருகு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஆங்கிலத்தில் தேய்க்கிற செயல், அதனால் வரும் பளபளப்பு, டப்பாவில் இருக்கும் பொருள் மூன்றும் பாலிஷ்தான். தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. செயல், விளக்குதல். பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம். விளக்குமாறும் அந்த வழியில் வந்ததே. (சொல் விளக்கம் என்று நான் எழுதிக்கொண்டிருப்பதும் ஒரு வகைப் பாலிஷ் வேலைதான்.) பளபளப்பு, மெருகு. பொருள், மெழுகு. இது பெயரளவில் அல்ல, உண்மையாகவே மெழுகு: தேன்மெழுகோ, பிரேசில் நாட்டுக் கார்னௌபா என்ற பனையின் ஓலையில் படியும் மெழுகோ, டர்பன்டைன் போன்ற கரைப்பானில் குழைத்தது. பதனீரும் கருப்பட்டியும் கண்ட பனங்காட்டுக்காரர்களுக்கு ஓலையில் மெழுகு விளையும் பனை ஒரு வியப்பு. டப்பாவுக்குள் நிறமியும் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். அது மெழுகோடு மேலே நிற்கும், மெழுகு இளகினால் வேட்டிக்கு வந்துவிடும்.

வெளுத்த தோல் கேட்பது சாயம். அதைத் தமிழின் வினைச்சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. பாலிஷைப் ‘போடுகிறோம்’, வண்ணத்தைப் ‘பூசுகிறோம்’, சாயத்தை ‘ஏற்றுகிறோம்’. முதல் இரண்டும் மேலே கிடப்பவை. மூன்றாவது உள்ளே இறங்குவது. பத்தமடையில் பாய்க்கான கோரையைச் சாயத்தில் முக்கித்தான் நிறமேற்றுவார்கள்; அந்தக் காலத்துச் சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டை. மேலே பூசியிருந்தால் படுத்து எழுந்தவர் முதுகெல்லாம் சிவந்திருக்கும்.

ஆகவே வீட்டில் தோல் பையைத் தேற்ற நினைப்பவர் முதலில் மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் தோல் திறந்திருக்கிறது, சாயமேற்றலாம். முத்துப்போல் உருண்டு நின்றால் மேலே மெழுகோ தொழிற்சாலைப் பூச்சோ இருக்கிறது. பூச்சுள்ள தோலில் சாயம் இறங்காது. அழுக்கையும் பழைய மெழுகையும் துடைத்து எடுத்துவிட்டு, தோலுக்கென்றே விற்கும் அக்ரிலிக் வண்ணத்தைப் பஞ்சால் மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரே தடவையில் கனமாக அப்பினால் மடிப்புகளில் வெடித்துவிடும். சாயமேற்றுபவருக்கு வேறொரு கட்டுப்பாடு: இருக்கிற நிறத்தைவிட அடர்நிறத்துக்குத்தான் போகலாம். கறுப்பைப் பழுப்பாக்கச் சாயத்தால் ஆகாது.

தேங்காய் எண்ணெயை எடுத்து ஓடி வருபவர்கள் பொறுத்திருக்கட்டும். எண்ணெய் தோலைக் கறுக்க வைக்கும், அதன்மேல் வண்ணம் ஒட்டாது. வறண்ட தோலுக்கு எண்ணெய்ப்பசை வேண்டும் என்பது உண்மைதான். அதைத் தோலுக்கான பசையாக, சாயம் ஏறிய பிறகு, அளவாகத் தர வேண்டும். இந்த வேலைக்குக் கடைகளில் ‘கண்டிஷனர்’ என்று பெயர். தோலைப் ‘பதனிடுதல்’ என்று முன்பே சொல்லிவைத்திருக்கும் மொழியில் இதற்குப் ‘பதப்பசை’ என்றே சொல்லலாம் என்பது என் யோசனை.

ரெக்சின் பையோடு வருபவருக்கு மேலே சொன்ன சாயம் உதவாது. துணிமேல் பூச்சேற்றிய பிரிட்டிஷ் சரக்கு ஒன்றின் வணிகப் பெயர் அது. இன்று எல்லாப் போலித் தோலுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டால், சாயம் குடிக்க அங்கே தோலே இல்லை.

வேட்டி கறைபட்ட அன்றே சந்திப்பில் செருப்புத் தைப்பவரிடம் பையைக் காட்டினேன். வார் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். நகக்கண்ணில் பழுப்பாக ஒட்டியதை என்னிடம் நீட்டினார். “இது நல்ல தோல், அண்ணாச்சி. குடிக்கும். முதலில் நீங்கள் அப்பி வைத்திருக்கிற இந்த மெழுகை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.”